படலையும் இரைச்சலும்

படலை என்றால் என்னவென்று நம் நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலிக்கு வாயிலாய் நிற்பது அது; வேண்டியவர் வந்தால் திறக்கவும், வேண்டாத மாடு வந்தால் அடைக்கவும் உதவுவது. கணினியியலைத் தமிழிற் கற்பிக்கப் புகுந்த நமது பாடநூலார், மின்குறிகளை ஒரு விதிப்படி விடுவதும் தடுப்பதுமாகிய நுண்ணிய சுற்றுக்களுக்குத் ‘தர்க்கப் படலை’ என்று பெயரிட்டார்கள். பெயரிட்டவர் யாரோ, அவர் வாழ்க. எத்தனையோ கலைச்சொற்கள் மாணவனின் நாவிற் கல்லாய்க் கிடக்க, இஃதொன்று மட்டும் வீட்டுச் சொல்லாய் இருக்கின்றது.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்டதும் ஒரு படலையின் கதைதான். ஆயின் இது நாம் அன்றாடம் கையாளும் கணினியின் படலையன்று. குவாண்டம் கணினி எனப்படும் புதிய பொறியின் படலை. உயர்தர வகுப்பு மாணவர் சிலர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டனர். “குவாண்டம் கணினி வந்துவிட்டது, வங்கிகளின் இரகசியக் குறிகளெல்லாம் உடையப் போகின்றன என்று ஒரு பத்திரிகை சொல்கிறது. அதற்கு இன்னும் பல காலம் செல்லும் என்று இன்னொன்று சொல்கிறது. எதை நம்புவது, சேர்?” என்றனர். நியாயமான கேள்வி. இதற்கு விடை காண வேண்டுமாயின் பொறியின் பெருமையைக் கேட்டுப் பயனில்லை. அதன் ஒரு படலை எத்தனை தரத்துக்கு ஒரு தரம் தவறுகிறது என்று கேட்க வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு படலை நூறு தரத்தில் 99 தரம் சரியாகத் தொழிற்படுகிறதென்று கொள்வோம். பரீட்சையில் 99 புள்ளி பெற்ற பிள்ளையை நாம் தோளிலே தூக்கிக் கொண்டாடுவோம். ஆனால் இத்தகைய படலைகள் நூற்றை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கினால், முடிவு பிழையின்றி வருவதற்குள்ள வாய்ப்பு நூற்றுக்கு 37 கூட இல்லை. 99.9 ஆயின், வாய்ப்பு நூற்றுக்கு 90. பயனுள்ள ஒரு கணிப்புக்கோ நூறு படலைகள் போதா, கோடிக்கணக்கில் வேண்டும். பிழை திருத்தும் முறைகள் இல்லாமலில்லை. பல கியூபிற்றுகளை ஒன்றாகக் கூட்டி, அவற்றால் ஒரேயொரு நம்பத்தக்க கியூபிற்றை ஆக்குவது அம்முறைகளின் சாரம். ஆனால் அவற்றுட் பெயர்பெற்ற ஒரு முறை உதவ வேண்டுமாயின் ஒவ்வொரு படலையும் ஏறத்தாழ 99 என்னும் வரம்பைத் தாண்டியிருத்தல் வேண்டும். அதற்குக் கீழே நின்று திருத்தப் போனால், திருத்துவதாலேயே பிழை பெருகும்.

கியூபிற் என்றது யாது? சாதாரண கணினியின் ‘பிற்’ பூச்சியம் அல்லது ஒன்று. கியூபிற் இரண்டும் கலந்த நிலையில் நிற்கவல்லது. அவ்வாறு நிற்கத்தக்க பொருள்கள் இயற்கையிற் பல உண்டு. அவற்றுள் மிகச் சிறியதும் எளியதும் இலத்திரனின் கறங்கல். இலத்திரன் பம்பரம் போலச் சுழல்கிறது என்று சொல்வது வழக்கம். உவமை நன்று; ஆனால் அதன்மேல் அதிகம் பாரம் ஏற்றலாகாது. ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் நகரில் 1922 இல் ஸ்ரேண், கேர்லாக் என்னும் இருவர் வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப் புலத்தினூடு செலுத்திய போது, கற்றை விசிறி போல விரியாமல் இரண்டாகவே பிளந்தது. சாதாரண பம்பரமாயின் எந்தத் திசையிலும் சாய்ந்திருக்கலாமல்லவா? இலத்திரனோ, அளந்து பார்த்தால், மேலே என்றோ கீழே என்றோ இரண்டில் ஒரு விடைதான் தருகின்றது. 1925 இல் உலென்பெக், கௌட்ஸ்மிற் என்னும் இளைஞர் இருவர் இதற்குக் கறங்கல் என்ற கருத்தை வெளியிட்டனர்.

அளப்பதற்கு முன்னுள்ள நிலையை ஓர் உலக உருண்டையில் வைத்து விளங்கிக்கொள்ளலாம். வடமுனை பூச்சியம், தென்முனை ஒன்று. இலத்திரனின் நிலை என்பது மையத்திலிருந்து உருண்டையின் ஏதோ ஓரிடத்தை நோக்கும் அம்பு. அம்பு நடுக்கோட்டை நோக்கினால் பூச்சியமும் ஒன்றும் சரிபாதி. ஆனால் நடுக்கோட்டிலும் எந்த நெடுங்கோட்டில் நிற்கிறது என்பது ஒரு செய்தி. இதனை அவத்தை என்று பௌதிகம் கூறும். குவாண்டம் கணிப்பின் உயிர் இந்த அவத்தையிலேயே இருக்கின்றது. இந்த அம்பைக் குறித்த கோணத்துக்குத் திருப்புவது ஒரு கியூபிற் படலை. ஒன்றின் நிலையைப் பொறுத்து மற்றதைத் திருப்புவது இரு கியூபிற் படலை. இவ்விரண்டும் கைவந்தால் எந்தக் கணிப்பையும் கட்டியெழுப்பிவிடலாம்.

இனி இடைஞ்சலைப் பார்ப்போம். ஒரு தெஸ்லா காந்தப் புலத்தில் இலத்திரனின் அம்பு செக்கனுக்கு 2,800 கோடி தரம் அச்சைச் சுற்றி வருகின்றது. அப்புலம் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு கூடினாலோ குறைந்தாலோ, 18 மைக்ரோ செக்கனில் அம்பு அரைச் சுற்றுப் பிசகி எதிர்ப்புறம் நோக்கிவிடும். அந்தப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, நமது பூமியின் காந்தப் புலத்திலும் எத்தனையோ மடங்கு சிறியது. இப்படி அறியாமல் வந்து அம்பை அசைக்கும் யாவற்றையும் விஞ்ஞானிகள் ‘இரைச்சல்’ என்ற ஒரே சொல்லால் வழங்குவர். காதுக்குக் கேளாத இரைச்சல் இது.

அப்படியானால் இலத்திரனை ஒன்றும் தொடாத இடத்தில் ஒளித்து வைத்தாலென்ன என்று தோன்றும். இங்கேதான் சிக்கல் இருக்கின்றது. ஒன்றும் தொடாத இடத்தில் இருப்பதை நாமும் தொட முடியாது. படலையைத் திறக்க நாம் எந்தக் கைபிடியைப் பற்றுகிறோமோ, அதே கைபிடியைப் பற்றி இரைச்சலும் இழுக்கின்றது. கைபிடி பெரிதாயின் படலை விரைவில் திறக்கும், காற்றுக்கும் ஆடும். கைபிடி சிறிதாயின் காற்றுக்கு அசையாது, நமக்கும் அசையாது. சென்ற கால் நூற்றாண்டுக்கு மேலாகத் திண்மப் பொருள்களிற் கறங்கற் படலை அமைக்க முயன்றவர்களின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வழக்கைத் தீர்க்க முயன்ற வரலாறே என்பது நம் கருத்து.

தொடக்கம் 1998. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த டானியல் லொஸ் என்பவரும், ஐ.பி.எம். நிறுவனத்தின் டேவிட் டிவின்சென்சோ என்பவரும் ஒரு திட்டம் வெளியிட்டனர். குறைகடத்தித் தட்டொன்றின் மேல் நுண்ணிய மின்வாய்களை வைத்து, அவற்றின் மின்புலத்தால் ஓர் இலத்திரனை ஒரு சிறு குழியிற் சிறைப்படுத்துவது. பக்கத்துக் குழியில் இன்னோர் இலத்திரன். இக்குழிகளுக்குக் குவாண்டம் புள்ளிகள் என்று பெயர். இரண்டுக்கும் நடுவே வயல் வரம்பு போல ஒரு தடை. வரம்பைத் தாழ்த்தினால் இரு வயல்களின் நீரும் கலப்பது போல, தடையைத் தாழ்த்தினால் இரு இலத்திரன்களின் அலைகளும் கலக்கும். கலந்தால், ஒரே நிலையில் இரு இலத்திரன்கள் இருக்கலாகாதென்ற இயற்கை விதி காரணமாக, அவற்றின் கறங்கல்கள் ஒன்றையொன்று உணரும். இதனைப் பரிமாற்ற இடைத்தாக்கம் என்பர். கலக்க விட்டால் மேல் நோக்கியதும் கீழ் நோக்கியதும் தம் திசைகளை மாற்றிக்கொள்ளும். பாதியில் வரம்பை உயர்த்தி மறித்தால், இரண்டும் பிரிக்கவொண்ணாத கூட்டு நிலையொன்றில் நின்றுவிடும். அந்தப் பாதி மாற்றந்தான் இரு கியூபிற் படலையின் வேர்.

இதன் வேகம் வியப்புக்குரியது. நடுத்தரமான ஒரு பரிமாற்ற வலிமையில் முழு மாற்றத்துக்கு அரை நனோ செக்கன் போதும். ஒளி ஒரு சாண் தூரம் செல்லும் நேரம் அவ்வளவே. 2005 இல் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தார் கலியம் ஆசனைட்டு என்னும் பொருளில் இதனைச் செய்து காட்டிய போது பாதி மாற்றத்துக்குச் சென்ற நேரம் 180 பிக்கோ செக்கன், அதாவது நனோ செக்கனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அதே பரிசோதனையில் அம்பின் அவத்தை தன்னியல்பில் நிலைத்தது ஏறத்தாழ 10 நனோ செக்கன் மாத்திரமே. குற்றவாளி யார்? கலியத்தின் கருவும் ஆசனிக்கின் கருவும் தாமே சிறு காந்தங்கள். இலத்திரனைச் சுற்றி அத்தகைய கருக்கள் இலட்சக்கணக்கிற் கிடந்து, ஒவ்வொன்றும் தன்பாட்டிற் புரண்டு கொண்டிருந்தன.

இவ்விரைச்சலுக்கு ஒரு மருந்து முன்னரே இருந்தது. 1950 இல் எர்வின் ஹான் என்பவர் கண்ட ‘எதிரொலி’ முறை அது. நமது கல்லூரி விளையாட்டுப் போட்டியில் இருபது பிள்ளைகள் ஒரு கோட்டிலிருந்து ஓடத் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடம் சென்றால் கெட்டிக்காரன் முன்னே, சோம்பேறி பின்னே, வரிசை குலைந்துவிடும். அப்போது விசிலை ஊதி, “எல்லோரும் திரும்பி ஓடுங்கள்” என்கிறோம். அவரவர் தத்தம் வேகத்தை மாற்றாதிருந்தால், சரியாக அடுத்த நிமிட முடிவில் இருபது பேரும் ஒருமித்துப் புறப்பட்ட கோட்டைத் தொடுவர். முன்னே போனவனுக்குத் திரும்பும் வழி நீளம்; பின்னே நின்றவனுக்குக் குறுக்கம். அம்பை நடுவழியில் ஒரு துடிப்பால் அரைச் சுற்றுத் திருப்பிவிட்டால் இதுவே நிகழ்கிறது. மெதுவாக மாறும் இரைச்சல் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. ஹாவாட் பரிசோதனையில் 10 நனோ செக்கன் இதனால் ஒரு மைக்ரோ செக்கனுக்கு மேலாக நீண்டது. நூறு மடங்கு! ஆயினும் ஓட்டக்காரன் இடையிடையே வேகத்தை மாற்றினால் இவ்வுபாயம் பலியாது. விரைந்து மாறும் இரைச்சலுக்கு விசிலை அடிக்கடி ஊத வேண்டும். ஊதும் ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு பிழை நுழைய இடமுண்டு.

இரண்டாவது மருந்து, இரைச்சலிடும் கருக்களையே அகற்றிவிடுவது. கலியத்திலும் ஆசனிக்கிலும் இது இயலாது; அவற்றின் நிலைத்த சமதானிகள் யாவும் காந்தக் கருவுடையவை. சிலிக்கனோ நல்ல குணமுடைய மூலகம். அதன் அணுக்களில் நூற்றுக்கு 95 இற்கு மேற்பட்டவை கறங்கலற்ற கருவுடையன. சிலிக்கன் 29 என்னும் சமதானி மட்டும், நூற்றுக்கு 4.7 அளவில் இருந்து தொல்லை தருகின்றது. அந்த 4.7 ஐயும் பிரித்தெறியும் வழி எங்கிருந்து வந்தது தெரியுமா? யுரேனியச் சமதானிகளைப் பிரிக்கும் மையநீக்கப் பொறிகளிலிருந்து. ரஷ்யாவில் இவ்வகைப் பொறிகளாற் பிரித்தெடுத்த சிலிக்கன் 28 ஐக் கொண்டு ஜேர்மனியில் ஒரு கிலோகிராம் உருண்டைகள் செய்தார்கள். அவற்றின் அணுக்களை எண்ணியது, 2019 இல் கிலோகிராமுக்குப் புதிய வரையறை வகுக்க உதவியது. அழிவுக்குப் பயன்படக்கூடிய பொறி நிறைகோலுக்கும் கணினிக்கும் தொண்டு செய்தமை நமக்குப் பிடித்த செய்தி.

இப்படித் தூய்மையாக்கிய சிலிக்கனில், அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் 2014 இல் ஓர் இலத்திரனை அடைத்து அளந்தனர். அவத்தை தன்னியல்பில் 120 மைக்ரோ செக்கன் நின்றது. எதிரொலித் துடிப்புக்களைத் தொடர்ச்சியாகக் கொடுத்த போது 28 மில்லி செக்கன் நின்றது. 2005 இன் 10 நனோ செக்கனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தில் சிலிக்கனில் இட்ட பொசுபரசு அணுவொன்றின் கருவை அளந்தபோது அதன் அவத்தை 30 செக்கனுக்கு மேலும் நிலைத்தது. அணுவுலகில் 30 செக்கன் என்பது யுகம். ஆனால் நாம் முன்சொன்ன வழக்கு இங்கேயும் விடவில்லை. பொசுபரசுக் கரு இலத்திரனிலும் 1,600 மடங்கு அளவு வலிமை குறைந்த காந்தம். இரைச்சல் அதனை அசைக்காததும் அதனாலேயே. நாம் திருப்பப் போனால் அது மெள்ளத் திரும்புவதும் அதனாலேயே.

கருக்களின் இரைச்சல் ஓய்ந்தபின், அதுவரை பின்னாலே மறைந்திருந்த இன்னோர் இரைச்சல் கேட்டது. மின்வாய்க்குக் கீழுள்ள ஒட்சைட்டுப் படையிலும் அதன் விளிம்பிலும் சில குறைபாடுகள் உண்டு. அவற்றில் ஒட்டிக்கொண்ட ஏற்றங்கள் இங்குமங்கும் தாவுகின்றன. ஒவ்வொரு தாவலும் குழியின் மின்னழுத்தத்தைச் சிறிது அசைக்கும். தனிக் கறங்கல் மின்புலத்தைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் படலையைத் திறப்பதற்கு நாம் பயன்படுத்துவது மின்புலத்தையல்லவா? பரிமாற்றத்தைத் தூண்டும் கணத்தில் கறங்கல் மின் இரைச்சலுக்கும் காது கொடுத்துவிடுகின்றது.

அப்படியாயின் படலையை இன்னும் விரைவாக இயக்கி, இரைச்சல் வருமுன் வேலையை முடித்துவிடலாமே? புத்தியுள்ள மாணவன் இதைக் கேட்பான். 2013 இல் ஹாவாட்டிலே இதனை அளந்து பார்த்தனர். பரிமாற்றத்தை வலுவாக்க, அது மின் இரைச்சலுக்கு அசையும் அசைவும் அதே விகிதத்திற் கூடியது. வேகத்தை இருமடங்காக்கினால் பிழையும் இருமடங்கு விரைவில் வந்தது. கெடுவதற்கு முன் அம்பு ஆடும் ஆட்டங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மாறவேயில்லை. வேகம் மட்டும் போதாதென்பது இதனால் நிரூபணமாயிற்று. ஓடுகிறவனின் நிழலும் ஓடும்.

வழி பிறந்தது 2016 இல். இதனை விளக்கச் சிறிது நிதானிப்போம். இரு குழிகளின் இலத்திரன்களைக் கலக்க இரண்டு வகை உண்டு. ஒன்று, லொஸ்ஸும் டிவின்சென்சோவும் சொன்னபடி நடு வரம்பைத் தாழ்த்துவது. மற்றது, வரம்பை விட்டுவிட்டு ஒரு வயலைச் சரித்து நீரை மறுபக்கம் வழியச் செய்வது. பரிசோதனைக்கு இலகுவாயிருந்தமையால் ஆண்டுக்கணக்கில் பலரும் சரித்தே வந்தனர். சரிந்த நிலை எப்படிப்பட்டது? ஓர் ஆட்டுக்கல்லின் குழியை எண்ணிக்கொள்ளுங்கள். அதன் பக்கச் சுவரில் ஒரு மணியை வைத்தால், சற்று இப்புறம் அப்புறம் அசைந்தாலும் அது நிற்கும் உயரம் வெகுவாக மாறும். அடியிலே நடுவில் வைத்தால், அதே அளவு அசைந்தாலும் உயரம் மாறுவதாகவே தெரியாது; ஏனெனில் அங்கே சுவர் மட்டமாயிருக்கின்றது. பரிமாற்றத்தின் வலிமையும் சரிவைப் பொறுத்து இவ்வாறே வளைகின்றது. இரு குழிகளும் சமமாக நிற்கும் நடுநிலையில், சரிவில் வரும் சிறு அசைவு பரிமாற்றத்தை ஏறக்குறையத் தொடுவதேயில்லை.

கலிபோர்ணியாவின் மலிபு நகரிலுள்ள எச்.ஆர்.எல். ஆய்வுக்கூடத்தார் சிலிக்கனிலும், டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் நீல்ஸ் போர் நிலையத்தார் கலியம் ஆசனைட்டிலும், ஒரே ஆண்டில், இந்த நடுநிலையிலேயே குழிகளை வைத்துக்கொண்டு வரம்பை மட்டும் உயர்த்தித் தாழ்த்திப் படலையை இயக்கிக் காட்டினர். ஆட்டங்கள் முன்னரிலும் பல மடங்கு தெளிவாக நின்றன. நமது கைபிடி வரம்பு. இரைச்சல் பெரும்பாலும் பற்றி இழுத்ததோ சரிவு. இரண்டும் ஒரே கைபிடி என்று அதுவரை இருந்ததை இரண்டாகப் பிரித்துவிட்டனர். வரம்பிலும் சிறிது இரைச்சல் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் 1998 இன் தாளில் எழுதியிருந்ததற்கே பதினெட்டு ஆண்டுகளின் பின் திரும்பி வந்தார்கள் என்பதில் ஓர் அழகிருக்கிறது. பழைய ஆராய்ச்சித் தாள்களைப் புரட்டிப் பார்க்க நேரமில்லையென்பவர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

ஒரு கியூபிற் படலையிலும் இதே போராட்டந்தான். ஓர் இலத்திரனை மட்டும் விரைவாகத் திருப்ப வேண்டி, யப்பானின் ரிக்கென் ஆய்வுநிலையத்தார் உட்பட்ட குழுவினர் குழிக்கு மேலே கோபாற்றினாலான ஒரு சிறு காந்தத்தை அமைத்தனர். அதன் புலம் இடத்துக்கிடம் மாறும்; ஆதலின் இலத்திரனை மின்புலத்தால் மெல்ல ஆட்டினாலே போதும், கறங்கல் திரும்பிவிடும். வேகம் கிடைத்தது. எதிர்பார்த்தபடியே மின் இரைச்சலுக்கும் கதவு திறந்தது. எனினும் இம்முறை வேகம் இரைச்சலை வென்றது. 2018 இல் அவர்கள் வெளியிட்ட செம்மை நூற்றுக்கு 99.9.

துடிப்பின் வலிமையே சரியாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பழைய உபாயம் உண்டு. 1979 இல் லெவிற், பிறீமன் என்னும் ஒக்ஸ்போர்ட் இரசாயனவியலார் இருவர் கண்டது அது. அம்பை 180 பாகை திருப்பும் துடிப்பு நூற்றுக்கு ஐந்து குறைந்துவிட்டால் அம்பு 9 பாகை தவறி நிற்கும். அதற்குப் பதிலாக முதலில் ஓர் அச்சில் 90, பின்பு அதற்குக் குத்தான அச்சில் 180, மீண்டும் முதல் அச்சில் 90 என்று மூன்று துடிப்புக்களைக் கொடுத்தால், ஒவ்வொன்றும் அதே ஐந்து வீதம் குறைந்திருந்தும், முடிவில் நிற்கும் தவறு ஒரு பாகைக்கும் குறைவு. உயர்தர மாணவர் கடதாசியும் பென்சிலும் எடுத்து இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம், பார்க்க வேண்டும். ஆனால் மொத்தத் திருப்பம் 180 இற்குப் பதில் 360 ஆகிவிட்டதால் நேரம் இரட்டிப்பாகிறது. விலையின்றி ஒன்றும் கிடைப்பதில்லை.

இவ்வளவும் ஒன்றுசேர்ந்து பலன் தந்த ஆண்டு 2022. அவ்வாண்டு தை மாதம் ‘நேச்சர்’ சஞ்சிகையின் ஒரே இதழில் மூன்று கட்டுரைகள் வந்தன. ரிக்கென் குழுவினரும், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தாரும் தனித்தனியே சிலிக்கனில் இரு கியூபிற் படலையின் செம்மை நூற்றுக்கு 99.5 அளவை எட்டியதாக அறிவித்தனர். மூன்றாவது கட்டுரை நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தாருடையது; முன்னர் மெள்ளத் திரும்புவது என்று நாம் குறை கூறிய பொசுபரசுக் கருக்கள் இரண்டை, இரண்டுக்கும் பொதுவான ஓர் இலத்திரனைக் கொண்டு பிணைத்து, 99.37 அளவை அவர்கள் பெற்றனர். அமைதிக்குக் கரு, வேகத்துக்கு இலத்திரன் என்று வேலையைப் பங்கிட்டுக் கொடுத்த விதம் மெச்சத்தக்கது. 99 என்னும் வரம்பு கடக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிக்கென் குழுவின் இரு கியூபிற் படலை இயங்கிய நேரம் ஏறத்தாழ 100 நனோ செக்கன். 2019 இலேயே சிட்னியில் பொசுபரசு அணுக்களின் இலத்திரன்களுக்கிடையே 0.8 நனோ செக்கனில் ஒரு படலை இயங்கிவிட்டது. வேகத்தில் அது நூறு மடங்குக்கு மேல். எனினும் வரம்பைத் தாண்டியது மெதுவானதே. டெல்ஃப்ட் குழுவினர் தம் மின்துடிப்பை வெட்டெனத் தொடங்கி வெட்டென நிறுத்தாமல், படிப்படியாக உயர்த்திப் படிப்படியாகத் தாழ்த்தினர். திடீரென்று திறந்தடித்த படலையில் அம்பு வேண்டாத பக்கமும் சிதறுமென்று அவர்கள் கண்டிருந்தனர். எவ்வளவு விரைவு என்பதன்று கேள்வி. இரைச்சல் கெடுக்கும் காலத்தோடு ஒப்பிட எவ்வளவு விரைவு, எவ்வளவு ஒழுங்கு என்பதே கேள்வி.

பரிசோதனைச்சாலையிற் கைவினையாக ஒன்று செய்வது வேறு, தொழிற்சாலையில் ஆயிரம் செய்வது வேறு. சிலிக்கனுக்கு இருக்கும் பெரும் வாய்ப்பு, அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட கணினித் தொழிலின் பட்டறை அதற்கு ஆயத்தமாக இருப்பதுதான். இன்ரெல் நிறுவனம் 2023 இல் பன்னிரண்டு கியூபிற்றுகள் கொண்ட ஒரு சிலிக்கன் சில்லை ஆய்வாளருக்கு வழங்கியது. 2025 இல் அவுஸ்திரேலியாவின் டிராக் நிறுவனமும் பெல்ஜியத்தின் ஐமெக் நிலையமும், தொழிற்சாலை முறையிற் செய்த சில்லுகளிலேயே இரு கியூபிற் படலைகள் 99 ஐத் தாண்டியதைக் காட்டின. குளிரூட்டலும் ஒரு தலைவலி. இவ்வகைப் பரிசோதனைகள் பெரும்பாலும் தனிப்பூச்சியத்துக்கு மேலே ஒரு கெல்வினின் சில நூறிலொரு பங்கு வெப்பநிலையில் நடப்பன. அத்தகைய குளிரூட்டியில் அதிக மின்கம்பிகளை இறக்கினால் அவை கொண்டுவரும் வெப்பமே குளிரைக் கெடுத்துவிடும். 2020 இல் டெல்ஃப்டிலும் சிட்னியிலும் ஒரு கெல்வினுக்குச் சற்று மேலேயும் படலைகள் இயங்கின. ஒரு கெல்வின் நமக்கு நினைக்கவொண்ணாக் குளிர். ஆனால் அங்கே வெப்பத்தை வெளியேற்றும் ஆற்றல் எத்தனையோ மடங்கு பெரிது.

இனி நமது மாணவரின் வங்கிக் கேள்விக்கு வருவோம். இன்று பெரிதும் வழங்கும் 2,048 பிற் இரகசியக் குறியை உடைக்க இரண்டு கோடி கியூபிற்றுகள் வேண்டுமென்று 2019 இல் கிட்னி, எக்கெரா என்னும் இருவர் கணித்தனர். 2025 இல் கிட்னி அதனைப் பத்து இலட்சத்துக்குக் கீழே கொண்டுவந்தார். இரண்டு கணக்கிலும் ஒரு படலை ஆயிரத்துக்கு ஒரு தரம் மட்டுமே தவறலாம் என்பது நிபந்தனை, அதாவது 99.9. சிலிக்கனில் ஒரு கியூபிற் படலை அதனைத் தொட்டுவிட்டது. நாம் மேலே கண்ட இரு கியூபிற் படலைகள் இரு நூறுக்கு ஒரு தரம் தவறுவன. கியூபிற்றுகளின் எண்ணிக்கையோ, இந்தச் சில்லுகளில், பத்து இலட்சத்துக்கு எதிரே பன்னிரண்டு. குறிகளைக் காப்பவர்களும் உறங்கவில்லை. குவாண்டம் கணினிக்கும் உடையாதனவென்று கருதப்படும் புதிய குறிமுறைகளை அமெரிக்க நியம நிலையம் 2024 ஆவணி மாதத்தில் முறைப்படி வெளியிட்டுவிட்டது. அவற்றுக்கு மாறும் வேலை பல நாடுகளிலும் தொடங்கியுள்ளது.